நாளைய நட்சத்திரம் இன்று எந்த மேடையில்? கோச்செல்லா சொல்லும் பாடம்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், இண்டியோ நகரையொட்டிய பாலைவனப் பகுதியில் ஆண்டுதோறும் ஏப்ரலில் நடப்பது கோச்செல்லா இசை விழா. 2018இல் அதன் மூன்று இரவுகளின் தலைமைக் கலைஞர்கள் தி வீக்கெண்ட், பியான்சே, எமினெம். விழாவின் வரலாற்றில் முதல் முறையாக அந்த வரிசையில் ஒரு ராக் இசைக்குழுகூட இல்லை. அதற்கு முந்தைய ஆண்டில்தான் ஹிப் ஹாப்பும் ஆர் அண்ட் பி இசையும் சேர்ந்து ராக்கை முந்தி, அமெரிக்காவில் அதிகம் கேட்கப்படும் இசையாகிவிட்டன என்று, இசைச் சந்தையை அளவிடும் நீல்சன் நிறுவனத்தின் கணக்கு சொல்லியிருந்தது. வெகுஜன இசை மாறும்போது விழாவுக்கு என்ன நேர்கிறது, ரசிகர் கூட்டத்துக்கு என்ன நேர்கிறது என்பதைப் புரிந்துகொள்ள கோச்செல்லா நல்ல உதாரணம்.

எப்படித் தொடங்கியது?

1993இல் பேர்ல் ஜாம் என்ற ராக் குழுவுக்கும் டிக்கெட் விற்கும் டிக்கெட்மாஸ்டர் நிறுவனத்துக்கும் கட்டணம் தொடர்பாகத் தகராறு. அந்த நிறுவனத்தின் பிடியில் இல்லாத இடம் தேடியபோது கிடைத்தது இண்டியோவின் போலோ மைதானம். பங்க் இசை நிகழ்ச்சிகளால் வளர்ந்த கோல்டன்வாய்ஸ் நிறுவனம் அங்கே பேர்ல் ஜாமின் கச்சேரியை நடத்தியது. அதே மைதானத்தில் 1999 அக்டோபரில் இரண்டு நாள் விழாவாகப் பிறந்தது கோச்செல்லா. பெக், டூல், ரேஜ் அகெய்ன்ஸ்ட் தி மெஷின் ஆகியோர் தலைமைக் கலைஞர்கள். ஒரு நாள் டிக்கெட் 50 டாலர். வெயில் கொளுத்தியது, பெரும் நஷ்டம் வந்தது. அடுத்த ஆண்டு விழாவே இல்லை. 2001 ஏப்ரலில் ஒரே நாள் நிகழ்ச்சியாக மீண்டும் எழுந்தது.

மாற்றம் எங்கிருந்து வந்தது?

பெரிய மேடையின் பெயர்ப் பலகையை மட்டும் பார்ப்பவருக்கு 2018 திடீர்த் திருப்பமாகத் தெரியும். உண்மையில் மாற்றம் பல ஆண்டுகளாகவே துணை மேடைகளான கூடாரங்களுக்குள் நடந்துகொண்டிருந்தது. 2005இல், ஈழத்தமிழ்ப் பெற்றோருக்கு லண்டனில் பிறந்து யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் சிறுவயதைக் கழித்த மாதங்கி அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் ஒரு கூடாரத்தில் பாடினார். பாடி முடித்த பிறகும் கூட்டம் அவரை விடவில்லை. திரும்ப வந்து பாட வேண்டியதாயிற்று. 2006இல் டாஃப்ட் பங்க் என்ற மின்னணு இசை இரட்டையர் சஹாரா கூடாரத்தில் பிரமிடு வடிவ மேடையேறிய இரவு, மின்னணு நடன இசையும் பெருங்கூட்டத்தை ஈர்க்கும் என்பதைக் காட்டியது.

பின்னால் வந்தவர்களின் பாதையும் இதுதான். 2012இல் பட்டியலில் கீழே இருந்த ராப் பாடகர் கென்ட்ரிக் லமார் 2017இல் தலைமைக் கலைஞர். 2019இல் துணை மேடைகளில் பாடிய பில்லி ஐலிஷ் 2022இலும், கொரியாவின் பிளாக்பிங்க் குழு 2023இலும் விழாவின் உச்சிக்கு வந்தார்கள்.

இந்த மாற்றத்துக்குப் பணக் கணக்கும் ஒரு காரணம். இசைத்தட்டு விற்பனை சரிந்து ஸ்ட்ரீமிங் வந்தபின், கலைஞர்கள் பலருக்கு மேடையே முக்கிய வருமானம். சம்பளம் ஏறியது, அதற்கு ஈடாக அதிகம் பேர் கேட்கும் பெயர்களையே அமைப்பாளர்கள் தேடினார்கள். 2012 முதல் ஒரே நிகழ்ச்சி நிரல் இரண்டு வார இறுதிகளில் நடத்தப்படுகிறது. 2017இல் வசூல் 10 கோடி டாலரைத் தாண்டியது.

ரசிகர்களுக்கு என்ன கிடைத்தது, என்ன போனது?

கிடைத்தது பெரிது. கோச்செல்லாவுக்குத் தலைமையேற்ற முதல் கறுப்பினப் பெண் பியான்சே. கறுப்பினக் கல்லூரிகளின் அணிவகுப்பு வாத்தியக் குழு மரபை அவர் அப்படியே அந்த மேடைக்குக் கொண்டுவந்தார். 2023இல் பேட் பன்னி முழுக்க ஸ்பானிய மொழியில் பாடித் தலைமைக் கலைஞரானார். தில்ஜித் தோசாஞ்ச் பஞ்சாபியில் பாடினார். சென்னையில் பிறந்து கலிபோர்னியாவில் வளர்ந்த சித் ஸ்ரீராம் 2024இல் அங்கே மேடையேறினார். ஒரு காலத்தில் வெள்ளையர் ராக் ரசிகர்களின் திடலாக இருந்த இடத்தில், தங்கள் மொழியையும் நிறத்தையும் மேடையில் பார்க்கும் உரிமை பலருக்குக் கிடைத்தது.

போனது பொறுமை. முன்பு பட்டியலில் பாதிப் பெயர் தெரியாமலே வந்து, மதியம் முதல் மேடை மேடையாக அலைந்து புதியதைக் கண்டுபிடித்தவர்கள் அதிகம். இப்போது ஒரே நட்சத்திரத்துக்காக வருவோர் பெருகிவிட்டார்கள். முன்வரிசையைப் பிடித்தவர்கள் இரவு வரை நகர்வதில்லை. இடையில் பாடுபவர், வேறொருவருக்காகக் காத்திருக்கும் முகங்களைப் பார்த்தே பாடுகிறார். மூன்று நாள் டிக்கெட் 500 டாலரைத் தாண்டிவிட்டது. பொது டிக்கெட் வாங்குவோரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் தவணையில் கட்டுவதாக 2025இல் செய்தி வந்தது. அவ்வளவு செலவழிப்பவர் தெரிந்த பெயரைக் கேட்பது இயல்பே.

பெரிய பெயர் போதுமா?

போதாது. ஸ்ட்ரீமிங் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பட்டியல் கொடுத்துவிட்டது. எல்லோரும் அறிந்த ஒரே நட்சத்திரம் என்பது அரிதாகிவருகிறது. 2024இல் கோச்செல்லாவின் முதல் வார இறுதிக்கான டிக்கெட்டுகள் விற்றுத் தீர ஏறத்தாழ ஒரு மாதம் ஆனது.

பிரிட்டனின் கிளாஸ்டன்பரி விழா மாறுபட்ட பாதையில் போகிறது. 2008இல் ராப் பாடகர் ஜே-ஸியைத் தலைமைக் கலைஞராக அறிவித்தபோது, ஹிப் ஹாப் இங்கே பொருந்தாது என்று ஒயாசிஸ் குழுவின் நோயல் கல்லகர் எதிர்த்தார். டிக்கெட் விற்பனையும் மந்தம். ஜே-ஸியோ ஒயாசிஸின் பாட்டிலிருந்தே தொடங்கிக் கூட்டத்தைத் தன்பக்கம் இழுத்தார். இன்று அங்கே கலைஞர் பட்டியல் வெளியாவதற்கு முன்பே டிக்கெட்டுகள் தீர்ந்துவிடுகின்றன. நூற்றுக்கும் மேற்பட்ட மேடைகள் கொண்ட அந்தப் பண்ணை நிலத்தில், யார் பாடினாலும் தனக்குப் பிடித்தது எங்கோ கிடைக்கும் என்று ரசிகர் நம்புகிறார்.

சிறிய விழாக்களுக்கு அந்த வசதி இல்லை. செலவு ஏறியதால் 2024இல் மட்டும் பிரிட்டனில் 70க்கும் மேற்பட்ட விழாக்கள் ரத்தாயின அல்லது தள்ளிப்போயின. பெரிய விழாக்களின் விதிகளும் மற்ற விழாக்களை நெருக்குகின்றன. தன் மேடையில் பாடும் கலைஞர்கள் வட அமெரிக்காவின் பிற விழாக்களில் சில மாதங்களுக்குப் பாடக் கூடாது என்ற கோச்செல்லாவின் ஒப்பந்த விதி, 2018இல் நீதிமன்றம் வரை போனது. பெரிய விழா தன் கூட்டத்தைக் காக்கப் போடும் வேலி, புதிய கலைஞர்கள் வளரும் நாற்றங்காலையே சுற்றி வளைக்கிறது.

வெகுஜன இசை மாறுவதை எந்த விழாவாலும் தடுக்க முடியாது; தடுக்கவும் வேண்டாம். அடுத்த பத்தாண்டுகளின் பெரிய பெயர் இன்று பிற்பகல் மூன்று மணிக்கு, சிறிய மேடையில், பாதி நிறைந்த கூட்டத்துக்குப் பாடிக்கொண்டிருக்கக்கூடும். அமைப்பாளர்கள் செலவைக் குறைக்கும்போது கடைசியாகக் கைவைக்க வேண்டியது அந்த மேடையில்தான். ரசிகர்களும் மாலை வரை காத்திராமல் மதியமே அங்கு போய் நிற்க வேண்டும். அந்த மேடையைக் கைவிடும் விழாவுக்கு, பத்தாண்டு கழித்துத் தலைமைக் கலைஞர் கிடைக்க மாட்டார்.