வீட்டின் உட்புறக் கதவுகள்: எந்த அறைக்கு எந்தப் பொருள் ஏற்றது?

புதுடெல்லி: வீடு கட்டுவோர் தலைவாசல் கதவுக்கான மரத்தைத் தேடி நாள்கணக்கில் அலைவது வழக்கம். ஆனால் உள்ளறைக் கதவுகள் பெரும்பாலும் ஒரே கடையில், ஒரே பொருளில், ஒரே நாளில் வாங்கப்பட்டுவிடுகின்றன. அதன் விளைவு சில மழைக்காலங்களுக்குள் தெரியவரும். குளியலறைக் கதவின் அடிப்பகுதி உப்பி, நிலையோடு இறுகிக்கொள்கிறது. உள்ளே முதியவரோ குழந்தையோ இருக்கும்போது இது நேர்ந்தால், அது பாதுகாப்புப் பிரச்சினையாகவே மாறிவிடுகிறது.

கதவு ஏன் உப்புகிறது?

மரம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி விரியும், வறட்சியில் சுருங்கும். நீளவாக்கில் இம்மாற்றம் மிகக் குறைவு, அகலவாக்கில் அதிகம். ஆகவே மும்பை, கொச்சி போன்ற கடலோர நகரங்களில் மழைக்காலத்தில் கதவுகள் இறுகுவதும், டெல்லி, ஜெய்ப்பூர் கோடையில் இணைப்புகள் இடைவெளி விடுவதும் இயல்பே. நன்கு பதப்படுத்தப்பட்ட தேக்கு இம்மாற்றத்தைப் பெருமளவு தாங்கும். எனினும், அதன் விலை காரணமாக எல்லா அறைகளுக்கும் அதைப் பயன்படுத்துவது பலருக்கு இயலாது.

படுக்கையறை, படிப்பறை

இவ்வறைகளில் நீர்ப் பயன்பாடு குறைவு, ஒலித்தடுப்பே முக்கியம். உட்பகுதி முழுவதும் மரக்கட்டைகளால் நிரப்பப்பட்ட ஃப்ளஷ் கதவுகள் இதற்குப் பொருத்தமானவை. தேன்கூடு போன்ற அட்டை அமைப்பை உள்ளே கொண்ட கதவுகள் எடையும் விலையும் குறைந்தவை. ஆனால் ஒலியை எளிதில் கடத்தும். விரலால் தட்டிப் பார்த்தாலே வேறுபாடு புலப்படும். எம்.டி.எஃப். கதவுகளில் பெயின்ட் வழவழப்பாகப் படியும். ஆயினும் சாதாரண எம்.டி.எஃப். ஒருமுறை நீரில் ஊறி உப்பிவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பாது.

குளியலறை

இங்கு மரத்தைத் தவிர்ப்பதே நல்லது. மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த டபிள்யூ.பி.சி., கண்ணாடி இழையால் வலுவூட்டப்பட்ட எஃப்.ஆர்.பி. ஆகியவை நீரையும் கரையானையும் தாங்குபவை. டபிள்யூ.பி.சி. பலகை அடர்த்தி குறைந்ததாக இருந்தால் கீல்களின் திருகாணிகள் நாளடைவில் தளர்ந்துவிடும். ஆகவே தடிமனை மட்டும் பாராமல் எடையையும் ஒப்பிட வேண்டும். கடும் வெயில் நேரடியாகப் படும் இடங்களில் பிளாஸ்டிக் கலந்த கதவுகள் வளையக்கூடும். உள்ளீடற்ற பி.வி.சி. கதவுகள் மலிவானவை, ஆனால் உறுதி குறைந்தவை.

ஐ.எஸ்.ஐ. முத்திரை எதைக் குறிக்கிறது?

மரத்தாலான ஃப்ளஷ் கதவுகளுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 2202 என்ற தரநிலையை வகுத்துள்ளது. அதன் சோதனைகளுள் ஒன்றில், கதவின் முனை 30 செ.மீ. உயரத்திற்கு 24 மணி நேரம் நீரில் மூழ்க வைக்கப்பட்டு, அடுத்த 24 மணி நேரம் உலர விடப்படுகிறது. இது 8 முறை தொடரும். அதன் பிறகும் அடுக்குகள் பிரியாமல் இருக்க வேண்டும். கதவிலுள்ள முத்திரையின் உரிம எண்ணை 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் சரிபார்க்கலாம்.

தரமான கதவும் பொருத்தும்போது பழுதாகக்கூடும். தரையின் உயரத்திற்கேற்ப தச்சர் கதவின் அடிப்பகுதியைச் சீவும்போது உள்மரம் வெளிப்படுகிறது. கண்ணுக்குத் தெரியாத அவ்விளிம்பு பெரும்பாலும் பூச்சின்றியே விடப்படுகிறது. ஈரம் நுழைவதும் அவ்வழியாகவே. கதவை மாட்டும் முன் மேல், கீழ் விளிம்புகளுக்கு பிரைமரும் பெயின்ட்டும் பூசச் செய்வது மிகக் குறைந்த செலவில் கிடைக்கும் பாதுகாப்பு.

பிளைவுட், எம்.டி.எஃப். ஆகியவற்றின் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு வாயு வெளியேறக்கூடும். இதனைப் புற்றுநோய்க் காரணியாகச் சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-இல் வகைப்படுத்தியது. எனவே ஈ-0 அல்லது ஈ-1 எனக் குறிக்கப்பட்ட, உமிழ்வு குறைந்த பலகைகளைக் கேட்டு வாங்கலாம்.

முதியோர் உள்ள வீடுகளில் குளியலறைக் கதவு வெளிப்புறமாகத் திறக்கும்படியும், தாழ்ப்பாளை அவசரத்தில் வெளியிலிருந்து விடுவிக்கும்படியும் அமைப்பது நன்று. உள்ளே ஒருவர் விழுந்து கிடந்தால், உட்புறமாகத் திறக்கும் கதவை அவரது உடலே தடுத்துவிடக்கூடும்.