பட்டறைத் தூசியில் கிடக்கும் பொன்

நகைப்பட்டறையில் வேலைசெய்பவர் மாலையில் வீடு திரும்புமுன் என்ன செய்கிறார் என்று கவனித்திருக்கிறீர்களா? தலைமயிரைத் தட்டுகிறார். உடுப்பை உதறுகிறார். வாளித் தண்ணீரில் கையைக் கழுவி, அந்தத் தண்ணீரை ஊற்றாமல் மூலையில் வைத்துவிட்டுப் போகிறார். சுத்தம் பேணும் பழக்கம் போலத் தெரியும். உண்மையில் அது கணக்கு. அரத்தால் ராவும்போதும், வாளால் அறுக்கும்போதும், மெருகிடும்போதும் பறக்கும் பொன்பொடி அவரது நகக்கண்ணில்கூட ஒட்டியிருக்கிறது.

நிலத்தை விட்டு வந்து பதுளை நகரின் ஓரங்களிலும் தோட்ட லயங்களிலும் தங்கியிருக்கும் குடும்பங்களின் இளைஞர் சிலர், இந்தத் தூசியை மூட்டையாக வாங்கி அரித்துப் பிழைக்கலாமா என்று கேட்கிறார்கள். பிழைக்கலாம். ஆனால் எதுவரை நம் கையால் செய்யலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்துகொண்டே இறங்க வேண்டும்.

தொழில் பழையது. குஜராத்தில் இதையே குலத்தொழிலாகக் கொண்டோருக்குத் தூல்தோயா, அதாவது தூசி கழுவுவோர், என்று பெயர். கொழும்புச் செட்டியார் தெருவைப் போல நகைக்கடைகள் நெருங்கிய மும்பாய் ஜவேரி பஜாரில் தெருவைக் கூட்டியும் கானில் சேறு அள்ளியும் பொன் தேடுவோர் உண்டு. அவர்கள் தேடும் பொன்னுக்கு விலை கொடுத்தவர் யார் என்பதையும் யோசியுங்கள். இரண்டு பவுணில், அதாவது 16 கிராமில், சங்கிலி செய்யக் கொடுக்கும் தாயிடம் நூற்றுக்கு 8 என்று சேதாரம் போட்டால், 1.28 கிராம் தங்கத்தின் விலையை அவர் கூடுதலாகக் கொடுக்கிறார். சேதாரமான தங்கம் காற்றில் கரைந்துவிடுவதில்லை. அதில் பெரும் பகுதி பட்டறைத் தரையிலேயே கிடக்கிறது.

அரிக்கும் முறை ஊவாவில் உள்ளவர்களுக்குப் புதிதல்ல. மொனறாகலை மாவட்டத்து ஒக்கம்பிட்டியவில் மாணிக்கக்கல் அரிப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். நீலக்கல் தண்ணீரைப்போல 4 மடங்கு பாரம். மணல் ஏறத்தாழ 2.6 மடங்கு. அந்தச் சிறிய வித்தியாசத்திலேயே கல் தட்டின் அடியில் தங்கிவிடுகிறது. தங்கமோ 19.3 மடங்கு! ஆனால் மெருகுப் பொடி மிக நுண்ணியது. எண்ணெயும் மெழுகும் பூசியிருப்பதால் தண்ணீரின்மேல் மிதந்து ஓடிவிடும். ஆகவே கூட்டிய தூசி, பழைய மெருகுத்துணி, தேய்ந்த உப்புத்தாள் எல்லாவற்றையும் முதலில் இரும்புச் சட்டியில், வீட்டுக்கு வெளியே, சாம்பலாகும்வரை எரிக்க வேண்டும். புகை வரும் பக்கம் நிற்கக் கூடாது. ஆறியபின் காந்தத்தைப் பொலித்தீனில் சுற்றி ஓட்டினால் அரத்தின் இரும்புத்தூள் ஒட்டிக்கொண்டு போகும். பிறகு சவர்க்காரத்தூள் சிறிது கலந்த தண்ணீரில் அரியுங்கள். கழிவுநீரை இரண்டு வாளிகளில் ஒன்றன்பின் ஒன்றாக வடியவிட்டால் தப்பியதும் அடியில் படியும்.

இதுவரை செய்வதற்கு உடம்பும் பொறுமையும் போதும். என் கருத்தில் இந்த இடத்தில்தான் நிறுத்த வேண்டும்.

அடுத்த படி, அரித்ததை வெண்காரம் சேர்த்து மூசையில் உருக்குவது. தங்கம் உருக 1064 பாகை செல்சியஸ் வேண்டும். சில பட்டறைகளின் பற்றாசில் கட்மியம் கலந்திருக்கும். அது 767 பாகையிலேயே ஆவியாகிவிடும். அந்த ஆவி நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். மூடிய அறையில் உருக்குவது தற்கொலைக்கு ஒப்பானது.

அதன்பின் அமிலம். உருக்கிய கட்டியில் செம்பும் வெள்ளியும் கலந்திருக்கும். நைத்திரிக் அமிலம் அவற்றைக் கரைக்கும், தங்கத்தைத் தொடாது. ஆனால் தங்கம் அதிகமாயிருந்தால் மற்ற உலோகங்களை அது மூடிக் காத்துக்கொள்ளும். அதனால் கட்டியின் காற்பங்குதான் தங்கம் என்றாகும்வரை வெள்ளி சேர்த்து மீண்டும் உருக்குகிறார்கள். 22 கரட் பொடி 10 கிராமுக்கு ஏறத்தாழ 27 கிராம் வெள்ளி வேண்டும். அமிலத்தில் போட்டபின் எஞ்சுவது கபில நிறத் தூள். செங்கல் பொடிபோல் இருக்கும் அதுதான் தங்கம். கழுவி உருக்கினால் மஞ்சளாகும். கரைசலில் செப்புத் தகட்டைப் போட்டால் சேர்த்த வெள்ளியும் திரும்பி வரும்.

அமிலம் கொதிக்கும்போது எழும் செங்கபில நிறப் புகையை முகர்ந்தவருக்கு முதலில் இருமல் மட்டுமே வரும். சுகமாகிவிட்டது என்று படுப்பார். பல மணி நேரம் கழித்து, சில வேளை மறுநாள், நுரையீரலில் நீர் கட்டி மூச்சுத் திணறும். அப்படி முகர்ந்தவரை, இருமல் நின்றுவிட்டாலும், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், என்ன புகை என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். ஒரு லயக்காம்பிராவின் சுவருக்கு அப்பால் இன்னொரு குடும்பம் தூங்குகிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

இரசத்தால் பொன்னைப் பிடித்து, அடுப்பில் வைத்து இரசத்தை ஆவியாக்கும் முறையையும் யாராவது சொல்லித்தரலாம். அது வேண்டவே வேண்டாம். அந்த ஆவி கருவிலிருக்கும் பிள்ளையின் மூளையைத் தாக்கும். இரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கை 2013இல் ஏற்கப்பட்டு 2017இல் நடைமுறைக்கு வந்தது. இலங்கையும் அதில் சேர்ந்துள்ளது.

கழிவு அமிலத்தைக் கானில் ஊற்றுவோரிடம் ஒரு கேள்வி. பதுளை ஓயா துன்ஹிந்தவில் விழுந்து மகாவலியில் சேர்கிறது. வழியில் அந்தத் தண்ணீரை வயலுக்குப் பாய்ச்சுகிறவர் யார்? நம்மைப் போன்ற விவசாயிதான். செம்பு கலந்த நீலத் தண்ணீர் மீனுக்கும் நஞ்சு, பயிருக்கும் நஞ்சு. பழைய ஆணிகளைப் போட்டுச் செம்பை இறக்கி, சுண்ணாம்பால் அமிலத்தைத் தணித்து, படிந்த சேற்றைத் தனியே எடுத்து வைப்பது சுத்திகரிப்பவரின் கடமை. தேயிலைக்குப் போடும் டொலமைட்டும் அமிலத்தைத் தணிக்கும். செம்பைப் படியவைக்கச் சுண்ணாம்பே நல்லது.

ஆகவே அரித்த பொடியைப் புகைபோக்கி வசதியுள்ள சுத்திகரிப்பாளரிடம் கொடுங்கள். பொடியாகவே விலை பேசினால் ஏமாறுவீர்கள். உங்கள் கண்முன் உருக்கி நிறுக்கச் சொல்லுங்கள். கட்டியின் ஒரு துணுக்கை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். தரத்தில் தகராறு வந்தால், 1993ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த தேசிய மாணிக்கக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையிடம் பரிசோதனைக்குக் கொடுக்கலாம். பட்டறையில் தூசி வாங்கும்போதும் முதல் மூட்டைக்கு முழுப் பணம் கொடுக்காதீர்கள். ஒரு கிலோவை அரித்து உருக்கிப் பார்த்து, அதன்பின் விலை பேசுங்கள். கை கழுவிய வாளியின் அடிச்சேறும் பேரத்தில் சேர்ந்ததா என்று கேட்கத் தவறாதீர்கள்.