கணிப்பொறிக்கும் சொந்த விதை

அவிநாசி வட்டாரத்தில் கணிப்பொறி இன்று நகரத்தாருக்கு மட்டும் உரிய பொருளாக இல்லை. பஞ்சாயத்து அலுவலகத்தின் வரிக் கணக்கும், பனியன் கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுக்கும் சிறு யூனிட்டுகளின் கூலிக் கணக்கும், ஜி.எஸ்.டி. பில்லும் அதன் வழியாகவே நடைபெறுகின்றன. ஆகவே அதனை இயக்கும் மென்பொருளைப் பற்றிப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் அறிந்திருத்தல் அவசியமாகும்.

கணிப்பொறியின் உறுப்புகளை ஒழுங்குபடுத்தி வேலை வாங்கும் அடிப்படை மென்பொருளை இயங்குதளம் என்கிறோம். பெரும்பாலோர் பழகியது வின்டோஸ். அதன் பத்தாம் பதிப்புக்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடிவுற்றன. பதினோராம் பதிப்போ, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பைக் கோருகிறது. நன்றாக ஓடும் பழைய இயந்திரங்கள் பலவற்றில் அது இல்லை. புதிய இயந்திரம் வாங்கப் பணம் வேண்டும். பழையதைத் திருத்தமின்றி ஓட்டினால் கணக்குகளுக்கு ஆபத்து. உரிமமில்லாத பிரதியை ஏற்றிக் கொள்வதோ சட்டவிரோதம். வைரஸுக்கும் அது வாசல் திறந்துவிடும்.

இந்நிலையில் நமக்கு உதவக்கூடியது லினக்ஸ். பின்லாந்து நாட்டு மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் இதன் கருவை எழுதினார். அமெரிக்கரான ரிச்சர்டு ஸ்டால்மன் 1983-இல் அறிவித்த க்னூ திட்டத்தின் மென்பொருள்களுடன் இணைந்து அது முழுமையான இயங்குதளமாயிற்று. நம் கையிலுள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசியிலும் லினக்ஸ் கருவே இயங்குகிறது.

விளைச்சலில் நல்ல கதிரைப் பொறுக்கி விதையாக வைத்துக் கொள்ளும் விவசாயி, அண்டை வீட்டாருக்கும் ஒரு படி கொடுப்பார். யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. லினக்ஸும் அத்தகையதே. எவரும் பயன்படுத்தலாம், பிறருக்குப் பிரதி தரலாம், உள்ளமைப்பைப் படித்துத் திருத்தலாம்.

இது நம் நாட்டுக்குப் புதிதன்று. சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையத்தார் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், தமிழிலும் பிற இந்திய மொழிகளிலும் பயன்படுத்தத் தக்கது. 2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்கு மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது அவற்றில் இதுவும் இடம்பெற்றது. அண்டையிலுள்ள கேரளத்தின் அரசுப் பள்ளிகள் பல ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளைக் கொண்டே கணினிக் கல்வி அளிக்கின்றன. மத்திய அரசும் 2015-இல் திறமூல மென்பொருளை ஏற்கும் கொள்கையை வெளியிட்டது.

எனினும் இதன் எல்லைகளையும் உணர்தல் வேண்டும். டாலி போன்ற சில கணக்கு மென்பொருள்களும், எம்பிராய்டரி வடிவமைப்புக்குரிய சிலவும் வின்டோஸுக்கென எழுதப்பட்டவை. மின் கையொப்பக் கருவியும் அச்சு இயந்திரமும் இசைகின்றனவா என்று முன்னரே சோதித்தல் வேண்டும். பழைய தமிழ் எழுத்துருக்களில் அடித்த கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றிக் கொள்வது நலம். இணைய உலாவியில் செய்யும் வேலைகளுக்குப் பெரும்பாலும் தடையிராது. கடிதம், பட்டியல், கூலிக் கணக்கு ஆகியவற்றுக்கு லிப்ரே ஆபீஸ் போதுமானது.

தொடங்கும் முறை எளிது. முதலில் கோப்புகள் யாவற்றையும் வேறோர் இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள். லினக்ஸைப் பென் டிரைவில் ஏற்றி, இயந்திரத்தில் நிறுவாமலே சில நாட்கள் ஓட்டிப் பாருங்கள். திருப்தியானால் ஒரே ஒரு கணிப்பொறியில் நிறுவி, ஒரு மாதம் அலுவல் பாருங்கள். வின்டோஸ் இன்றியமையாத வேலைக்கு, திருத்தங்கள் கிடைக்கும் இயந்திரம் ஒன்றை ஒதுக்கி வையுங்கள். ஊரில் கணினி பயின்ற இளைஞர் இருவருக்கேனும் இதில் பயிற்சி இருக்குமாயின், பழுதுக்கு வெளியாரை எதிர்பார்க்க வேண்டியதில்லை.

பஞ்சாயத்தின் பணம் ஊராரின் வரிப்பணம். புதிய இயந்திரம் வாங்கத் தீர்மானம் போடுமுன், பழைய இயந்திரத்தில் இச்சோதனையைச் செய்து பார்த்தோமா என்று கேட்பது நம் கடமையாகும். அதில் மிச்சமாகும் தொகை தெருவிளக்குக்கும் குடிநீர்க் குழாய்க்கும் உதவும்.