கைகளால் அளந்த உலகு

உலகைக் காலால் அளந்தவன் கதையை நாம் இளமையிலேயே கேட்டறிந்துள்ளோம். கால்கள் இரண்டும் இயங்காத ஒருவர் அவ்வுலகைக் கைகளால் அளக்கப் புறப்பட்ட வரலாறோ நம்மிடையே அத்துணை பரவவில்லை. அவர் கனடா நாட்டினரான றிக் ஹான்சன்.

1973 ஆம் ஆண்டு, அவருக்கு வயது 15. மீன்பிடிக்கச் சென்று திரும்புகையில் அவர் ஏறிவந்த சிறு பாரவண்டி விபத்துக்குள்ளாயிற்று. முதுகுத்தண்டு சிதைந்தது, இடுப்பின் கீழ் இயக்கம் அற்றது. பின்னர் சக்கர நாற்காலியிலிருந்தபடியே கூடைப்பந்து ஆடினார். நெடுந்தூர ஓட்டங்களில் வென்றார். புற்றுநோயால் ஒரு காலை இழந்த டெரி பொக்ஸ் என்ற இளைஞரைத் தம் கூடைப்பந்துக் குழுவிற்கு அழைத்தவரும் அவரே. 1980 இல் அவ்விளைஞர் பொய்க்காலுடன் கனடாவைக் கடக்க ஓடினார். 143 நாட்களில் 5,373 கிலோமீற்றர் ஓடியபின் நோய் மீண்டும் தாக்கவே நிறுத்தினார். மறு ஆண்டு மறைந்தார்.

நண்பரின் ஓட்டம் ஹான்சனின் உள்ளத்திற் கிடந்த எண்ணத்திற்கு உரமூட்டியது. முதுகுத்தண்டு ஆராய்ச்சிக்கும் ஊனமுற்றோர் நலனுக்கும் நிதி திரட்டவென 1985 மார்ச் 21 அன்று வன்கூவர் நகரினின்றும் சக்கர நாற்காலியிற் புறப்பட்டார்.

இங்கே உடற்கூறு பற்றி ஒரு சொல் கூறியாகல் வேண்டும். இடுப்பு மூட்டு ஆழ்ந்த கிண்ணத்தில் அமர்ந்தது. உடலைத் தாங்கவென்றே அமைந்தது. தோள் மூட்டோ ஆழமற்ற தட்டில் நிற்பது. எத்திசையிலும் கை நீட்ட உதவுமேயன்றி, பாரம் சுமக்க அமைந்ததன்று. சக்கர நாற்காலியைச் செலுத்துவோர் விளிம்பைப் பற்றித் தள்ளி, கையை விட்டு, மீண்டும் பற்ற வேண்டும். ஏற்றத்திலே கை விட்ட கணமே நாற்காலி பின்னோக்கி நழுவும். இந்நாளில் நெடும்பயணம் செல்வோர் பலர், மார்புக்கு நேரே கைப்பிடிகளைச் சுழற்றிச் சங்கிலியால் ஓட்டும் வண்டியையே விரும்புகின்றனர். அதிலே முழுச் சுழற்சியிலும் விசை பயன்படும். ஏற்றத்திற்கேற்பப் பற்சக்கரத்தையும் மாற்றலாம். 2004 இல் ஏதென்ஸ் நகரில் நடந்த ஊனமுற்றோர் ஒலிம்பிக்கிலும் அவ்வண்டிப் போட்டி இடம்பெற்றது. ஹான்சனுக்கு அவ்வசதி எதுவுமில்லை. ஆதலால் தோளும் மணிக்கட்டும் நொந்து வீங்கிய நாட்கள் பல.

அந்நோவிலும் கொடியது மக்களின் பாராமுகம். அமெரிக்காவின் மேற்குக் கரை நெடுக அவரைப் பொருட்படுத்தினோர் சிலரே. உண்டியலும் நிறையவில்லை. 34 நாடுகளைக் கடந்த அப்பயணத்தில், 1986 இல் சீனப் பெருஞ்சுவரின் மீது ஏறிய பின்னரே பெயர் பரவலாயிற்று. தொகையின் பெரும்பகுதியோ அவர் தாயகம் மீண்டு, நியூபவுண்ட்லாந்துக் கரையிலிருந்து மேற்கு நோக்கிப் பனிக்காலத்தினூடே வந்த மாதங்களிலேயே சேர்ந்தது. பள்ளிச் சிறார் சில்லறை கொணர்ந்தனர். சிற்றூரார் குளிரிலே தெருவோரம் காத்து நின்றனர்.

ஒன்று எமக்கு உறுத்துகின்றது. ஒருவர் தம் உடலை வருத்திக் காட்டினாலன்றி நம் கை மடியை நாடாதோ? ஹான்சன் இரக்கம் வேண்டி வரவில்லை. ஆற்றலைக் காண்மின் என்றே வந்தார். ஆயினும் அவரை வாழ்த்திய ஊர்களிற் பொதுக் கட்டடங்கள் பலவற்றின் வாயில்களிலே படிகளே இருந்தன. சக்கரம் ஏறும் சாய்தளம் இல்லை. கைதட்டுவது எளிது. வாயிலை இடித்துக் கட்டுவது அத்துணை எளிதன்று.

1987 மே 22 அன்று, 40,000 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வழியைக் கடந்து அவர் வன்கூவர் திரும்பினார். சேர்ந்த நிதி 2 கோடியே 60 இலட்சம் டொலர். இருபத்தாறு மாதங்களின் முன் சிறு கூட்டமே வழியனுப்பிய அந்நகரில், அன்று விளையாட்டரங்கம் நிறைய மக்கள் எழுந்து நின்றனர். அவர்களிடையே அவர் சக்கரத்தைத் தாமே தள்ளிக்கொண்டு உட்புகுந்தார்.