செவிலியர் படிப்பில் 50 மதிப்பெண் ஏன்?

எங்கள் நோணாங்குப்பம் பகுதி மாணவியர் பலருக்குச் செவிலியராக வேண்டும் என்பது கனவு. பள்ளிப் பொதுத்தேர்வில் 33 அல்லது 35 எடுத்தால் தேர்ச்சி. இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி, பி.எஸ்சி. நர்சிங்கில் ஆங்கிலம் போன்ற சில பாடங்கள் நீங்கலாக, எழுத்துத்தேர்விலும் செய்முறையிலும் தனித்தனியே 50 விழுக்காடு பெற வேண்டும். எழுத்துத்தேர்வில் 80 பெற்றவர் செய்முறையில் 45 பெற்றால் தேர்ச்சி இல்லை. பட்டம் பெற மருத்துவமனைப் பயிற்சியில் 100 விழுக்காடு வருகையும் தேவை.

இந்தக் கண்டிப்புக்குக் காரணம் உண்டு. 500 மில்லி லிட்டர் சலைன் 4 மணி நேரத்தில் ஏற வேண்டும். 1 மில்லி லிட்டருக்கு 20 சொட்டு என்றால், நிமிடத்துக்கு ஏறக்குறைய 42 சொட்டு. இது நடுநிலை வகுப்பு விகிதக் கணக்குதான். வழிமுறை சரியாக இருந்தால் விடை தவறினாலும் நாம் பாதி மதிப்பெண் தருகிறோம். நோயாளியின் படுக்கையருகே அது செல்லாது. 0.5 என்பது 5 ஆனால் மருந்து பத்து மடங்காகிவிடும்.

ஆகவே 6 முதல் 8 வரையிலான வகுப்புகளில் தசமம், விகிதம், அலகு மாற்றம் கற்பிக்கும்போது சிரப், சலைன் கணக்குகளையும் கொடுக்கலாம். விடையுடன் அலகை எழுதவும், விடை பொருத்தமானதா என்று மீண்டும் பார்க்கவும் பழக்கலாம். தேர்ச்சி மதிப்பெண்ணோடு நிறுத்திக்கொண்ட மாணவி கல்லூரி முதலாண்டிலேயே தடுமாறுவார். இந்தப் பழக்கம் உள்ளவருக்கு 50 எட்டாத உயரமல்ல.