உங்களுக்குத் தெரியுமா? போடி ஏலக்காயும் உலகச் சந்தையும்

★ போடிமெட்டில் தமிழ்நாடு முடிந்து கேரளம் தொடங்குகிறது. ஏலத்தோட்டங்களில் பெரும்பகுதி மேலே இடுக்கிப் பக்கம். வியாபாரமும் தரம் பிரிப்பும் கீழே போடிநாயக்கனூரில். காலையில் வேலையாட்களோடு ஜீப்புகள் மலையேறும்; விளைந்த காய் மூட்டை மூட்டையாகக் கீழே இறங்கும்.

★ ஐந்து கிலோ பச்சைக்காயை உலர்த்தினால் சுமார் ஒரு கிலோ காய்தான் தேறும். பிறகு சலித்து, மில்லிமீட்டர் கணக்கில் பருமன் பிரிப்பார்கள். பச்சை மாறாத 8 மி.மீ. காய்க்குத்தான் கிராக்கி.

★ நாட்டின் சின்ன ஏலக்காய்க்கு விலை சொல்லும் முக்கிய இடங்கள் இரண்டு: போடி, இடுக்கியின் புற்றடி. மத்திய அரசின் ஸ்பைசஸ் போர்டு 2007-ல் இங்கே மின்னணு ஏலத்தைக் கொண்டுவந்தது. வியாபாரிகள் மாதிரிக் காயைப் பார்த்துவிட்டுக் கணினியில் விலை கேட்கிறார்கள்.

★ நமக்குப் பெரிய போட்டி மத்திய அமெரிக்காவின் குவாத்தமாலா. முதல் உலகப் போர்க் காலத்தையொட்டி ஜெர்மானியக் காபித் தோட்டக்காரர் ஒருவர் அங்கே கொண்டுபோன பயிர் இது. அந்த நாட்டுச் சமையலில் ஏலக்காய்க்கு இடமே இல்லை என்று சொல்லலாம், விளைவதெல்லாம் கப்பலுக்கு. பல பத்தாண்டுகளாக ஏற்றுமதியில் முதலிடமும் அதற்குத்தான். இந்தியாவில் கதை தலைகீழ்: விளைச்சலில் பெரும்பகுதியை நாமே பாயசத்திலும் பிரியாணியிலும் டீயிலும் தீர்த்துவிடுகிறோம். வெளிநாட்டு ஆர்டர் குறைந்தாலும் போடிக்கு உள்ளூர்ச் சந்தை கைகொடுக்கும். குவாத்தமாலா விவசாயிக்கு அந்தப் பிடிமானம் கிடையாது.

★ வெளியிலிருந்து வரும் ஏலக்காய்க்கு இந்தியா விதிக்கும் அடிப்படைச் சுங்க வரி 70 சதவீதம். தோட்டக்காரர்களுக்கு இது வேலி. வேலி உயர்ந்தால் கடத்தலுக்கு லாபமும் உயரும்; குவாத்தமாலா காய் கள்ளத்தனமாக நுழைகிறது என்பது அவர்களின் நெடுநாள் புகார்.

★ வரி போடாமலும் வாசலை அடைக்கலாம். ஏலக்காய் போட்ட ‘கஹ்வா’ காபியை விருந்தோம்பலின் அடையாளமாகக் கருதும் சவூதி அரேபியா, காயில் பூச்சிமருந்து எச்சம் வரம்பை மீறினால் சரக்கை ஏற்காது. எந்த மருந்தை, எத்தனை முறை தெளித்தோம் என்பதும் ஏற்றுமதிக் கணக்கில் சேர்ந்துவிட்டது.

★ 2018-ல் பெருவெள்ளம், தொடர்ந்து வறட்சி. காய்வரத்து சரிந்து, 2019 ஆகஸ்டில் புற்றடியில் ஒரு கிலோவுக்கு 7,000 ரூபாய் வரை விலை போனது. அந்த நேரத்தில் கையில் காய் வைத்திருந்தவர்கள்தான் குறைவு!

★ இதே மலையில் காபியும் விளைகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் வறுக்காத காபிக்கொட்டைக்குச் சுங்கம் பூஜ்யம். வறுத்ததற்குப் பொது விகிதம் 7.5 சதவீதம். சலுகை பெற்ற நாடுகளுக்கு இது குறையும். ஆனாலும் வறுத்து, அரைத்து, பெயர் ஒட்டி விற்பதில் வரும் லாபம் பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடுகிறது. ஒரு காபிச் செடிகூட வளர்க்காத ஜெர்மனி, வறுத்த காபி ஏற்றுமதியில் முன்வரிசையில் நிற்பது இப்படித்தான்.