65 பேரை மீட்ட இரும்புக் கூண்டு: 'மிஷன் ராணிகஞ்ச்' படத்தின் உண்மைக் கதை என்ன?

அக்ஷய் குமார் நடிப்பில் 2023 அக்டோபரில் வெளியான 'மிஷன் ராணிகஞ்ச்', நிஜத்தில் நடந்த ஒரு மீட்புப் பணியின் கதை.

1989 நவம்பர் 13. மேற்கு வங்கத்தின் ராணிகஞ்ச் பகுதியில் உள்ள மகாவீர் நிலக்கரிச் சுரங்கம். உள்ளே வெடி வைத்தபோது, தண்ணீர் சுவரை உடைத்துக்கொண்டு பாய்ந்தது. பலர் லிஃப்ட் வழியாகத் தப்பினர். ஆறு பேர் மூழ்கி இறந்தனர். மேடான இடத்தில் ஒதுங்கிய 65 பேர் சிக்கிக்கொண்டனர்.

தண்ணீரை இறைத்துவிட்டுப் போகலாம்னு காத்திருக்க நேரமில்லை. பொறியாளர் ஜஸ்வந்த் சிங் கில் சொன்ன யோசனை வேறு. அவர்கள் இருக்கும் இடத்துக்கு நேர் மேலே பூமியில் துளை போடுவது. சுமார் 22 அங்குல அகலம், ஓர் ஆள் நிற்கத்தான் முடியும். அதற்குள் இறங்கும் அளவுக்கு இரும்புக் கூண்டு ஒன்றை அங்கேயே செய்தார்கள்.

சரி, முதல்ல யார் இறங்குவது? கில்லே இறங்கினார். ஒவ்வொருவராக 65 பேரையும் மேலே அனுப்பிவிட்டு, கடைசி ஆளாகத்தான் அவர் ஏறினார். அப்போது நவம்பர் 16.

சினிமாவில் வரும் பாட்டும் பரபரப்பும் கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் அந்தக் கூண்டு நிஜம். 1991-ல் அவருக்கு 'சர்வோத்தம் ஜீவன் ரக்ஷா பதக்' விருது கிடைத்தது. 2019-ல் கில் காலமானார். படத்தை அவர் பார்க்கவில்லை.